இஞ்ச், நூல், மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

ஓடிவிட்டது! கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டம், எண் போட ஒரு பெட்டி, கீழே ‘மாற்று’ என்று ஒரு பொத்தான். பன்னிரண்டு இஞ்ச் என்று போட்டு அழுத்தினேன். 304.8 மில்லிமீட்டர் என்று வந்தது. பைத்தியம் மாதிரி திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தேன். போனில் பாடம் பார்த்துப் பார்த்து நானே எழுதியது. அண்ணன் கடையில் பில் மட்டும் போடுகிற நான்!

மார்ச் 6, வியாழன்

அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடிக் கடையில் இது எதற்கு என்கிறான். எதற்காம்? வருகிறவர்கள் எல்லாம் இஞ்சில் அளவு சொல்கிறார்கள். புதிதாக வந்த வெட்டும் மெஷினுக்கோ மில்லிமீட்டர்தான் தெரியும். நடுவில் கால்குலேட்டரைத் தட்டியே இவன் விரல் தேய்ந்துவிட்டது.

“சரி, போட்டுப் பாரு. ஒரு கண்ணாடி வீணாச்சுன்னாலும் தூக்கிடுவேன். அப்புறம் நீ பில்லோட நில்லு.”

பில்லோட நில்லாம்! பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

கண்ணாடி வெட்டுகிறவரை நாங்கள் வைரம் என்றுதான் கூப்பிடுவோம். வைரமுனைக் கட்டர் எப்போதும் காதில் செருகியிருக்கும். நான் இல்லாத நேரத்தில் அவரே என் பெட்டியில் அளவைப் போட்டு, வந்ததை மெஷினுக்குக் கொடுத்து ஒரு ஜன்னல் கண்ணாடியை வெட்டியிருக்கிறார். அது சட்டத்தில் நிற்கவில்லை. கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் குறைவு. வாங்கிப் போனவர் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்.

அண்ணன் சத்தம்கூடப் போடவில்லை. “அழிச்சிடு” என்றான், அவ்வளவுதான்.

எங்கே தப்பு பண்ணினேன்? பன்னிரண்டு போட்டா சரியாத்தானே வருது!

மார்ச் 11, செவ்வாய்

அழிக்கவில்லை. மாட்டேன்.

வைரத்திடம் கேட்டேன், நேற்று என்ன எண் போட்டீர்கள் என்று.

“பதினெட்டு இஞ்ச் ஆறு நூல்மா. எப்பவும் எழுதுற மாதிரி பதினெட்டு புள்ளி ஆறுன்னு போட்டேன்.”

அட கடவுளே! ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச். கணினிக்கு நூல் எங்கே தெரியும்? பத்தில் ஆறு என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிட்டது. இந்தக் கடையில் எல்லோருமே நூலைப் புள்ளி வைத்துத்தான் எழுதுவோம். நானும்தான், தினமும், என் கையாலேயே. எனக்கே தோணலையே!

வைரம் முகம் வாடிப்போனது. தப்பு அவர்மேல் இல்லை, ஒரே பெட்டி வைத்தது நான்தான் என்று சொன்னேன். “யானைக்கும் அடி சறுக்கும், விடும்மா” என்றார். அவர் எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா?

மார்ச் 12, புதன்

இப்போது இரண்டு பெட்டி. இஞ்சுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று. புள்ளி வைத்தால் வாங்காது. நூல் ஏழுக்கு மேல் போனால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு. கொழுப்புதான்.

மார்ச் 13, வியாழன்

கெஞ்சினேன். வெட்டும் முன் வைரம் டேப் வைத்து ஒருமுறை சரிபார்ப்பார் என்று சத்தியம் பண்ணாத குறை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு “என்னமோ பண்ணு” என்றான். எனக்கு அது போதும்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் அத்தனையும் வெட்டி முடித்தாயிற்று. ஒரு கண்ணாடிகூட வீணில்லை. “கச்சிதம்மா” என்றார் வைரம். அண்ணன் பாராட்ட வாய் திறப்பானா? திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்!

மார்ச் 24, திங்கள்

காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. மதியம் அண்ணன் போன் பண்ணினான். எடுத்ததுமே சண்டை.

“ஏண்டி, உன் பெட்டி என்னையே எதிர்த்துப் பேசுது!”

பின்னால் வைரம் சிரிக்கிற சத்தம். அண்ணன் நூல் பெட்டியில் எட்டு என்று போட்டிருக்கிறான். சிவப்பு வரி வந்திருக்கிறது: ‘எட்டு நூல் ஒரு இஞ்ச், அண்ணா.’

“யார் போட்டாலும் அண்ணான்னுதான் வருமா?”

“நீதான் போடுவேன்னு தெரியும்.”

ஏதோ முணுமுணுத்தான். ஆனால் போனை அணைக்காமலே மேசையில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. வந்திருந்த யாரோ கேட்பது காதில் விழுந்தது. “நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?”

“வாங்குறதா? என் தங்கச்சி செஞ்சதுங்க. இன்னைக்கு அவ லீவு. அப்பவும் என்னைத் திட்டுறா பாருங்க!”

போனைக் காதிலிருந்து எடுக்கவே மனசு வரவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தேன். அண்ணன் அடுத்த அளவைக் கேட்டான். இஞ்ச் தனியாக, நூல் தனியாக, சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தட்டினான்.