இருநூற்றுப் பன்னிரண்டாம் குடும்பம்

நாள் 143 | காலை 07:10
நிலவின் தென்முனை, உறைகிடங்கு ஆய்வகம். பணியில் ஒருவர்: ஆய்வாளர் எண் 7. அறை வெப்பம் 21. 212 குடும்பங்களின் இரத்த மாதிரிக் குழாய்கள் 1,140, அனைத்தும் பத்திரம். எந்த மருத்துவராலும் இன்னதென்று சொல்ல முடியாத நோய்கள். வெயிலே படாத இந்தப் பள்ளத்தில் குளிருக்குக் கரண்டுச் செலவில்லை என்று இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், கூடவே என்னையும்.

குடும்பம் 212 இன்றும் பிடிகொடுக்கவில்லை. இரண்டு ஆண் குழந்தைகளுக்கும் ஐந்தாம் மாதம் வலிப்பு, ஏழாம் மாதம் மரணம். மூன்றாவது பையனுக்கு இப்போது நான்கு மாதம் இருபது நாள். பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். சொந்தத்தில் கல்யாணம் என்றதும் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்திருக்கும் என்று முடிவுகட்டி, மூன்று வருடமாக அதையே தேடுகிறோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாள் 144 | காலை 11:35
பள்ளத்து விளிம்பில் இருக்கும் சூரியத் தகடுகளை விண்கல் தாக்கியது. மூன்றில் இரண்டு போச்சு. மின்கலம் 41 சதவீதம். குழாய்களுக்குக் கவலையில்லை, வெளிக்குளிரே போதும். எனக்குத்தான் ஹீட்டர் வேண்டும். மீட்புக்கலம் நாள் 152-இல் வரும். கணிப்பொறியை நிறுத்தினால் அதுவரை தாங்கும் என்று பூமியிலிருந்து உத்தரவு.

நிறுத்தினேன். பதினொரு நிமிடம் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. மறுபடி போட்டுவிட்டேன்.

நாள் 145 | காலை 09:20
பூமியிலிருந்து குரல் பதிவு:
"டாக்டரம்மா, நான் பிச்சையம்மா பேசுறேன். நம்பரச் சொல்லுன்னாக, மறந்துபோச்சு. பிள்ளைக்கு நேத்து கண்ணு ஒரு மாதிரி சொருகுச்சு. ஏதாச்சும் தெரிஞ்சா சட்டுனு சொல்லுங்கம்மா."

குடும்பம் 212-இன் தாய். பெயர் வெளியானதற்குப் பூமியின் கட்டுப்பாட்டு அறை மன்னிப்புக் கேட்டது. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? பிச்சை! முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில்தான் அடுத்த பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள். பிச்சை, குப்பை என்று வேண்டாத பொருளைப் போலக் கூப்பிட்டால் சாவு திரும்பிப் பார்க்காதாம். ஆனால் படிவத்தில் 'தாயின் உடன்பிறந்தோர்: இல்லை' என்றிருக்கிறது.

ஆய்வுக்கு வரும் தாள்களில் பெயர்களை அழித்து எண் போட வேண்டும் என்று விதி எழுதிய குழுவில் நானும் இருந்தேன். பச்சை மையில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். என்னை என்ன சொல்லித் திட்டுவது?

அவருக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அனுப்பினேன்.

நாள் 145 | பிற்பகல் 14:05
பதில்:
"எனக்கு முன்ன மூணு அண்ணமாரு. பால்குடி மாறாமலே வலிப்பு வந்து போயிட்டாக. செத்த பிள்ளைகள யாரும்மா கணக்குல சேப்பா? காயிதத்துல கேட்டது கூடப்பொறந்தவுக எத்தனைன்னுதானே?"

அவர் மேல் தப்பில்லை. ஆண் பிள்ளைகள் மட்டும் சாகிறார்கள், அதுவும் அம்மா வழியில். அப்படியென்றால் பழுது எக்ஸ் குரோமோசோமில். அம்மாவிடம் அது இரண்டு இருப்பதால் நல்லது ஒன்று காப்பாற்றிவிடும். பையனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு இதில் பங்கே இல்லை.

பயனற்றவை என்று நாங்கள் தாண்டிப்போன பகுதிகளையும் சேர்த்து முதலிலிருந்து தேட வேண்டும். நாற்பது மணி நேரம். கணிப்பொறி, ஹீட்டர் இரண்டில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் காணும். ஹீட்டரை அணைத்தேன். கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார்கள்.

நாள் 146 | மாலை 16:40
அறை வெப்பம் 2. தேடல் அறுபது சதவீதம். இருக்கிற சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. பையனுக்கு ஐந்து மாதம் ஆக இன்னும் ஏழு நாள். பயமாக இருக்கிறது, அவனுக்காகவும் எனக்காகவும்.

நாள் 147 | காலை 10:15
கிடைத்துவிட்டது.
மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, நாங்கள் தாண்டிப்போன இடத்தில். அதனால் ஒரு வைட்டமினை மூளைக்குள் கொண்டுபோகும் புரதம் உருவாகவில்லை. அதே வைட்டமினை அதிக அளவில் ஊசியாகப் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். வலிப்பு முற்றுவதற்குள் போட வேண்டும். சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கிற ஊசி! இதற்கா இரண்டு பிள்ளைகள்?

பூமிக்கு மூன்று முறை அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். கண்ணீர் துடைத்த சட்டைக் கை விறைத்துப்போனது.

நாள் 148 | காலை 08:50
அறை வெப்பம் −17. மின்கலம் 2 சதவீதம், ஹீட்டரைப் போட அது போதாது. கை பிடிக்கவில்லை. ஒரு பதிவு வந்தது.
"ஊசி போட்டாச்சும்மா. இன்னிக்குக் கண்ணு சொருகல. என் மொகத்தப் பாத்துச் சிரிச்சான். இவனுக்குக் குப்பைன்னு பேரு வையின்னு மாமியா சொல்றாக. மாட்டேன்னுட்டேன். உங்க பேரு என்னம்மா? கேட்டா ஏழாம் நம்பருங்கிறாக. யாருமே சொல்ல மாட்டேங்கிறாக."

நாலு தடவை போட்டுக் கேட்டேன். பதில் சொல்லப் போனேன். அனுப்பும் கருவி செத்துவிட்டது.

நாள் 148 | நேரம் தெரியவில்லை
கண்டெடுப்பவருக்கு. குழாய்கள் பத்திரம். 211 வீடு பாக்கி, இல்லை, அதற்கும் மேல். ஒவ்வொரு அம்மாவிடமும் முதலில் பெயரைக் கேளுங்கள். அப்புறம் இறந்த பிள்ளைகளை. கேட்டால் சொல்வார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

இப்போது குளிரவில்லை. அது நல்லதில்லை என்று தெரியும்.

பிச்சையம்மா காத்திருப்பார். அவரிடம் யாராவது சொல்லிவிடுங்கள். என் பெயர்