ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்

மாப்ள,

இன்று காலை மருமகள் கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. அவள் பேனா மையைத் தேடவில்லை, மாவை அள்ளிப் பூசவில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். நான் காப்பி குடித்து, பேப்பரில் பாதி படித்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். உன் நினைவு வந்தது, அடங்கிவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. மல்லசமுத்திரம் தாண்டி உச்சி வெயில், லாரியில் மரவள்ளிக் கிழங்கு. நீ ஓட்டினாய், பக்கத்தில் நான். ரேடியேட்டர் கொதித்து நின்றது. “ஆறட்டும்டா” என்றேன். நீ எதைத்தான் ஆறவிட்டாய்? டீயையே அடுப்புச் சூட்டோடு ஊற்றிக்கொள்கிறவன். சாக்கைப் போட்டு மூடியைத் திருகினாய். வெந்நீர் சீறி வலது கை முழுக்க அடித்தது.

வண்டியில் ஒரு கேன் தண்ணீர் இருந்தது. தூக்கியும்விட்டேன்.

“ஊத்தாதடா, கொப்புளிச்சுப் போயிரும்! கிரீஸ எடுத்து அப்பு மாப்ள!” என்று கத்தினாய்.

லாரிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். டப்பாவில் இருந்ததையெல்லாம் அப்பினேன். தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா அந்தக் கிரீஸை வழித்தெடுத்தபோது நீ போட்ட சத்தம், வெந்தபோது போட்டதைவிடப் பெரிது.

“ஏனுங்க, வண்டீல தண்ணியே இல்லீங்களா?” என்று அந்தம்மா என்னைக் கேட்டார்.

“இருந்துச்சுங்க. ரேடியேட்டருக்கு வெச்சிருந்தமுங்க.”

திட்டியிருந்தாலாவது தேவலை. “பச்சத்தண்ணியத்தானுங்க மொதல்ல ஊத்தோணும். கிரீஸு சூட்ட உள்ளயே புடிச்சு வெச்சுக்குமுங்க” என்று மட்டும் சொன்னார்.

புண் ஆறியது. முழங்கை மடங்கியபடியே இறுகிவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியாத உனக்கு, நாம் கிழங்கு இறக்குகிற சேகோ பேக்டரி வாசலில் வேலை கிடைத்தது. ரிவர்ஸில் வருகிற வண்டிகளுக்கு இடது கையால் சைகை காட்டி, “வரட்டும், வரட்டும், ரைட்டு” என்று கத்துவாய். நான் வந்தால் மட்டும் கேபினுக்குள் எட்டி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுப் போவாய். ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தேன். “போடா, நாந்தான அப்பச் சொன்னேன்” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னைப் பாடையில் கிடத்திய அன்று, மடங்கிய கையை நேராக்க இரண்டு பேர் அழுத்திப் பார்த்தார்கள்.

“விடுங்கடா, அவனுக்கு வலிக்கும்!” என்று கத்திவிட்டேன்.

ஊரே திரும்பிப் பார்த்தது. அவர்கள் உன்னை விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் வலிக்கிறது, மாப்ள.