கூட்டத்திலிருந்து எழுந்து போனவளுக்கு

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.

ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால நானும் அப்பாவும் சுகம். நீயும் லீட்ஸ் சீமையில சுகமாத்தான் இருப்பே, உனக்கென்ன கேடு. போன்ல என்னைப் பேசவிடாம விளக்கம் சொல்லுவே, அதனாலதான் காகிதத்துல எழுதறேன், முழுசாப் படி.

நான் வாரத்துல ஒரு நாள் உதவிக்குப் போற பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்புல சர்க்கரை நோயாளிங்க கால் புண்ணுக்கு டாக்டர் லாசரஸ் நடத்தற ஆராய்ச்சிக்கு, நீ உட்கார்ந்து மதிப்பிடற நிதிக் கமிட்டி முதல் வருஷத்தோட பணத்தை நிறுத்திடுச்சுன்னு அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். சின்னதா சோதிச்சுப் பார்க்கன்னு பைலட் கிராண்ட் கொடுத்து எத்தனை கட்டுரை வந்தது, அதைக் காட்டி எவ்வளவு பெரிய கிராண்ட் வாங்கினாங்கன்னு பார்த்தீங்களாம், ஒண்ணும் இல்லையாம், அதனால தோல்வியாம். ஒரே வருஷத்துல முளைக்க அதென்ன கீரையா? ஆட்டோ ஓட்டற சின்னப்பனுக்குக் கட்டைவிரலை எடுக்க ஆஸ்பத்திரியில தேதியே குறிச்சிட்டாங்க, இன்னிக்கு அந்த விரலோடதான் ஓட்டறான், அதை எந்தக் கணக்குல சேர்த்தீங்க? சரி, மத்தவங்களுக்குத் தெரியாது, நீ இருந்தியேன்னு கேட்டா, அங்கே உதவி செய்யறவங்க பட்டியல்ல அம்மா உங்க பேர் இருந்தது, சொந்தக்காரங்க சம்பந்தப்பட்டா எழுந்து போகணும்னு விதி, நான் வெளியே போய் உட்கார்ந்துட்டேன்ங்கறே. அடிப்பாவி! பெரும்பாக்கத்தைக் கண்ணால பார்த்த ஒரே ஆள் அந்த ரூம்ல நீதானே? இதுல நேர்மையா நடந்துக்கிட்டேன்னு பெருமை வேற. நானும் டீச்சரா இருந்தவதான், உன் பேப்பரை ஒரு நாளும் நான் திருத்தினதில்லை, விதி எனக்கும் தெரியும். ஆனா எல்லா ஆராய்ச்சிக்கும் பொதுவா, கட்டுரையை மட்டும் எண்ணாதீங்க, பிழைச்ச ஆளையும் பாருங்கன்னு முன்னாடியே சொல்ல எந்த விதி உன் வாயைக் கட்டுச்சு?

அப்பா பல்லாவரம் சந்தைக்குப் போய் ஓடாத ஃபேன் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கார், அவரோடயும் சண்டைதான். டாக்டர் மேல்முறையீடு போட்டிருக்கார், ஜனவரியில மறுபடி கூட்டமாம். நேத்து நான் பெரும்பாக்கம் போய், இனிமே வரமாட்டேன்னு சொல்லி அந்தப் பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துட்டேன். ஏன் டீச்சர், எங்க மேல கோபமான்னு சின்னப்பன் பெண்சாதி கேட்டா, நான் பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டேன். வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு நாளுக்குத்தான். இதையும் உங்க கமிட்டியில மறைக்காம சொல்லிடு.

உனக்காக ஜெபிக்கறதை மட்டும் கோபத்துல நிறுத்தலை, கர்த்தர் உனக்குத் துணை. குளிர்ல காதை மூடிக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு. ஜனவரியில நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அம்மா,
ரத்தினபாய் தேவானந்தம்