நான் அளந்தது பெயிண்டை

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இல்லையென்றால் மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை, நான் தச்சுப் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய சமையல் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறார். அக்காவின் சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, முதல் கடி எனக்குத்தான். போனில் கேட்ட உன் இருமல் எனக்குப் பிடிக்கவில்லை, வெந்நீர் குடி, மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஏசிக்கு நேராக உட்காராதே. போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த டீச்சருடைய பழைய மாடிவீடு உனக்கு மறந்திருக்காது. கூடத்தில் நான்கு கதவு, ஒவ்வொரு நிலையைச் சுற்றியும் மேடும் பள்ளமுமாக ஓடும் மோல்டிங் சட்டம். நான்காவது நிலையின் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது, மற்ற மூன்றைப் பார்த்து அதே மாதிரி செய்யச் சொல்லி உன்னிடம் விட்டேன். நீ செய்து கொண்டுவந்ததைப் பக்கத்து நிலையோடு சேர்த்துப் பிடித்தால் உன் பள்ளம் ஆழம், உன் விளிம்பு கூர்மை, இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. டீச்சரும் பாலீஷ்காரரும் பார்த்துக்கொண்டு நிற்க, கையில் உளி இருந்தால் போதுமாடா, கண் வேண்டாமா என்று கேட்டேன். அம்மா அந்தப் பெயிண்ட் என்று ஏதோ ஆரம்பித்தாய், பேசாதே என்றேன். நானே தகரத்தை வெட்டி, பக்கத்து நிலைமேல் வைத்து வடிவம் எடுத்து, வேறு சட்டம் இழைத்து அடித்தேன். அச்சு அசலாக இருந்தது, பெயிண்டும் அடித்தார்கள். மூன்றே மாதத்தில் கண் பரிசோதனை படிக்கப் போகிறேன் என்று நீ கிளம்பிவிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

போன மாதம் டீச்சர் மறுபடி கூப்பிட்டார், பெயிண்டையெல்லாம் எடுத்துவிட்டு மரம் தெரிய பாலீஷ் போட வேண்டுமாம். பழைய மூன்று நிலையிலும் பதினோரு பூச்சு இருந்தது, நான்கு நாள் சுரண்டினோம், கவலைப்படாதே, மூக்கை மூடிக்கொண்டுதான் வேலை பார்த்தேன். மூன்று நிலையிலும் பள்ளமெல்லாம் கோடு கிழித்த மாதிரி வெளியே வந்தது. நான்காவது மட்டும் தூங்கி எழுந்த முகம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. பாலீஷ்காரர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஏக்கா, இந்தத் தடியன எந்தப் புண்ணியவான் செஞ்சது என்றார், மனிதருக்கு மறந்தே போயிருக்கிறது. நான்தான் என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார். அன்று நான் மரத்தை அளக்கவில்லை, அதன்மேல் இருந்த பெயிண்டை அளந்திருக்கிறேன். பட்டறைக்கு வந்து வேலைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தால், சட்டைக்கு அடியில், அன்று நீ வடிவம் எடுத்து வெட்டிய தகரம். அதில் உன் கையெழுத்தில் நான்காவது கதவு, பெயிண்டைச் சுரண்டி எடுத்தது என்று இருந்தது. ஆறு வருஷமாகத் தினமும் அதன்மேல்தான் சட்டையை மாட்டியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இதை அப்பாவிடம் சொல்லாதே.

நீ செய்த தலைச்சட்டமும் இடதுபக்கச் சட்டமும் பரண்மேல் முழுசாகக் கிடைத்தன. வலதுபக்கத்தை அப்பா மூன்றாக அறுத்துத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். கத்தினேன். வேண்டாத கட்டை என்று நீதானே சொன்னாய் என்றார். அந்த ஒன்றை மட்டும் உன் தகரத்தை வைத்து நான் இழைத்தேன். மூன்றையும் அடித்தாயிற்று, வலது மூலையில் மட்டும் மயிரிழை இடைவெளி, அது என் பக்கத்துத் தப்பு. அன்று நின்ற அதே இரண்டு பேரையும் அதே இடத்தில் நிற்கவைத்து, இது என் மகன் செய்தது, அன்று கண் இல்லாதவள் நான்தான் என்று சொன்னேன். உன்னைத் திரும்ப உளி பிடிக்கவைக்க இதை எழுதவில்லை. நாலு பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்தேன், அது தப்பு, அம்மாவை மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். லீவு எப்போது என்று மறக்காமல் எழுது. உன் தகரம் அதே ஆணியில்தான் இருக்கிறது, என் சட்டைக்கு வேறு ஆணி அடித்துவிட்டேன். வரும்போது கண் பார்க்கிற பெட்டியையும் கொண்டுவா, அப்பா கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். முதலில் என்னை உட்காரவைத்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா