டிரைவருக்கு இரண்டு நகல்

நவம்பர் 9, ஞாயிறு

நாளை என் கணினியில் புதிய விண்டோஸ் போட்டுத் தருவதாகத் தங்கை மகன் ஸ்டீபன் சொல்லியிருந்தான். காசெட் பாட்டைக் கணினியில் ஏற்றும் என் பழைய கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் இனி எங்கும் கிடைக்காது. அதனால் அதை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்தேன். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. கருவி ஓடுகிறதா என்று பார்க்க, நெய்யாற்றின்கரை சபைப் பாடகர் குழுவின் ஒத்திகைக் காசெட்டைப் போட்டேன். அன்று பதிவு செய்தது நான்தான்.

பாட்டு நின்றதும் என் மனைவி லீலாவின் குரல் வந்தது. அவள் இறந்த பிறகு இன்றுதான் கேட்கிறேன்.

"சிவப்பு லைட்டு எரியுதில்லா? எரிஞ்சாலும் எங்க வீட்டுக்காரரு நம்பமாட்டாரு. ரெண்டு தடவ தொட்டுப் பாப்பாராக்கும்!"

குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: டிரைவருக்கு இரண்டு நகல் உண்டு, இந்தக் குரலுக்கு ஒன்றுகூட இல்லை.

ஸ்டீபனை அழைத்தேன். "மக்கா, நாளைக்கு வரண்டாம்."

"என்ன மாமா, பேடியா? எதுக்குப் பயம்?"

"பேடிதான். காசெட் எல்லாத்தையும் ஏத்தின பொறவு வா."

முதல் காசெட் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. எழுந்து போய் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.