ரிப்பன் வெட்டாத கட்டடம்

எமாய் தீவு, வனுவாட்டு
பிப்ரவரி 12, புதன்

என் கணவர் கல்தாங் அவர்களுக்கு,

லெய்பக்கோவா எழுதுவது. நானும் மகள் லெய்மாராவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைக்கு ஐந்து நாளாக இருமல் விடவில்லை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஊசியை நிறுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்க வரும் அடுத்த கூட்டத்தில் நம் ஏனோக்கும் இருக்கிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செல்போன் கோபுரம் புயலில் விழுந்துவிட்டது. ஊரில் இப்போது பேசுகிற போன் உங்கள் அண்ணன் ஓபேத்திடம் இருக்கும் சாட்டிலைட் போன் ஒன்றுதான். புயல் குழுத் தலைவர் அல்லவா! ஆகவே நீங்கள் கேட்டதெல்லாம் அவர் வாய்வழி வந்த கதை. புதுப் புயல் காப்பகத்தின் பூட்டை நான் உடைத்ததாகச் சொல்லியிருப்பார். ஆமாம், உடைத்தேன். ஏன் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரேடியோவில் நீல எச்சரிக்கை சொன்னார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் புயல் வரைபடத்தில் ரேடியோ சொல்லச் சொல்லக் கட்டம் கட்டமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். புயல் நேரே நம்மைப் பார்த்துத்தான் வந்தது. மத்தியானம் மஞ்சள் எச்சரிக்கை. வாழையைச் சாய்த்தோம், கூரையைக் கயிறு போட்டுக் கட்டினோம். பிறகு பதினோரு வீட்டுப் பெண்களும் பாயும் பிள்ளையுமாகப் புதுக் காப்பகத்துக்குப் போனோம். கதவில் பூட்டுத் தொங்கியது.

சாவி கேட்டு, ஆண்கள் கூடும் ஊர்மண்டபமான நகமலுக்கு ஓடினேன். அவர்கள் போதைக்குக் கவாச்சாறு குடிக்கும் நேரம் என்றுகூடப் பார்க்கவில்லை. ஓபேத் நாக்கு மரத்து உட்கார்ந்திருந்தார். "அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டல, பன்னி அடிக்கல, மரியாதைக்குப் பாய் வைக்கல. அதுக்குள்ள பொம்பளைங்க ஈரக்காலோட ஏறி மிதிச்சா ஊர் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். புயல் பக்கத்துக் கட்டத்தோடு போய்விடுமாம். அவருடைய வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். காலையில் வைத்த புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

முறை என்றால் எனக்கும் மரியாதை உண்டு. பன்றி அடிக்காமல் நாம் புது வீட்டுக்குக் குடிபோனோமா? ஆனால் சாகக் கிடக்கிறவனிடம் சடங்கு பேசுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்று மணி நேரம் காப்பகத்தின் சுவரோரம் நின்றோம். மழை பக்கவாட்டில் அடித்தது. பிள்ளையை என் உடுப்புக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன், அப்படியும் நனைந்து நடுங்கினாள். ஓபேத்தின் மனைவியும் எங்களோடுதான் நின்றாள், பாவம். அப்போது ரேடியோ சிவப்பு எச்சரிக்கை சொன்னது: யாரும் வெளியே நிற்கக் கூடாது. பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோடாலியை எடுத்தேன்.

உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், பன்றி! திறப்பு விழாவுக்கு வளர்த்த அதே பன்றி, காய்ந்த கீற்றின்மேல் படுத்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. நீல எச்சரிக்கை வந்த காலையிலேயே பின்கதவு வழியாகக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார் உங்கள் அண்ணன். பன்றி நாற்றம் எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் குமட்டிக்கொண்டு வந்தது. "ஏண்டி, அமைச்சர் முன்னாடியே வந்து எறங்கிட்டாரு போல!" என்றாள் ஓபேத்தின் மனைவி. அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்தோம்.

ஊரில் வீட்டுக் கூரைகள் பறக்கத் தொடங்கியதும் ஓபேத்தும் ஓடிவந்தார். அமைச்சருக்கு வாங்கிய நாற்காலியில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து, விடியும்வரை குறட்டை. தூ! இந்த மனிதரோடு ஒரே அடுப்பில் சமைத்த லப்லப்பைத் தின்றிருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை நகமலில் ஊர்க்கூட்டம். நான் அபராதமாகப் பாய் கொண்டுபோய் வைத்துத் தலைவர்கள் முன் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். "நீ கேக்காட்டி உன் புருஷன் கேப்பான். என் தம்பி என் பேச்சைத் தட்டமாட்டான்" என்று சிரிக்கிறார். அன்று உங்களைப் போனில் கூப்பிட்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி வைக்கப்போகிறார்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நான் செய்தது குற்றம் என்றே முடிந்துவிடும். அடுத்த புயலில் எந்தப் பெண்ணும் கோடாலியைத் தொடமாட்டாள். அண்ணனை நீங்கள் எதிர்த்துப் பேசியதே கிடையாது, எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று கூட அவர் தலையாட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள்.

ஏணியில் பார்த்து ஏறுங்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுங்கள். ஆண்டவர் உங்கள் காலையும் நாக்கையும் வழுவாமல் காக்கட்டும். அன்று லெய்மாரா என் மடியில்தான் இருப்பாள். அப்பா குரல் கேட்டால் இருமலுக்கு நடுவிலும் சிரிக்கிற பிள்ளை. அவள் கேட்கத்தக்கதாக ஒரு வார்த்தை பேசுங்கள்.

இன்றுவரை உங்கள் மனைவி,
லெய்பக்கோவா