கவருக்குள் இரண்டாவது தாள்

21.11.1996
இரவு

அன்புள்ள செண்பகராஜ் அண்ணனுக்கு,

தங்கை மாரிசெல்வி எழுதுவது. இதே கவரில் இன்னொரு தாள் இருக்கும். அது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அப்பாவுக்கு மேலுக்குச் சுகமில்லை, உடனே புறப்பட்டு வா என்று இருக்கும். அதை நம்பி ரயில் ஏறிவிடாதே. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதையும் உள்ளே வைத்து ஒட்டப் போகிறேன்.

அப்பாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று போலீஸ்காரர் வந்து கூப்பிட்டார். அப்பா கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இன்று வியாழன். இன்னும் வரவில்லை.

கயத்தாறு ரோட்டில் பஸ் கண்ணாடி உடைந்த வழக்கில் உன் பெயர் இருக்கிறதாம். "மவனைக் கொண்டாந்து விட்டுட்டு, புருசனைக் கூட்டிட்டுப் போ" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா நம்புகிறாள். அவளைக் கோபிக்காதே.

நேற்று நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா பெயரைச் சொல்லி நேராகக் கேட்டால், இசக்கியப்பன் என்று இங்கன யாருமே இல்லை என்கிறார் ஏட்டையா. ஆனால் அம்மா கொண்டுபோன கஞ்சித் தூக்குவாளி மட்டும் உள்ளே போய்க் காலியாகத் திரும்பியது. எனக்கு என்ன வந்ததோ, கைது செய்தவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, இந்தக் கேள்விக்கு எத்தன மார்க்கு?" என்றார். பயத்தில் "அஞ்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் எழுதிக்கொண்டார். அதிலிருந்து நாய் குரைத்தால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன். மேய்ச்சலுக்குப் போகாத ஆடுகள் பட்டியில் கத்துகின்றன. அம்மா புரண்டு புரண்டு படுக்கிறாள்.

நீ கல் எறிந்தாயா என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் நீ ஊரில் இருந்தாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எறிந்திருந்தாலும் உனக்குப் பதிலாக அப்பாவைப் பிடித்து வைக்க முடியாது. எறிந்தவனையேகூட ஒளித்து வைக்க முடியாது, அவனுக்கும் வக்கீல் உண்டு. அரசியலமைப்புச் சட்டம் என்ற பாடத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்தபோது, இது டெல்லியில் இருப்பவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பக்கத்தில் ஆட்கொணர்வு ஆணை என்று போட்டிருக்கிறது. ஒருவரைச் சட்டத்துக்கு விரோதமாக அடைத்து வைத்திருந்தால், உயர்நீதிமன்றம் அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுமாம். நீ வேலை பார்க்கிற கடை வாசலில் நின்றாலே உயர்நீதிமன்றம் தெரியும் என்றாயே அண்ணே. ரோட்டைத் தாண்டிப் போ. யாராவது ஒரு வக்கீலைப் பிடி. இந்தத் தாளைக் கிழிக்காமல் அவரிடம் காட்டு. அப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. இடது புருவத்தில் கிடா முட்டிய தழும்பு இருக்கிறது.

நாளைக் காலை டவுன் தபாலாபீசில் போட்டாலும் உன் கைக்கு வர இரண்டு நாள் ஆகும். இன்று சாயங்காலம் கஞ்சி தொடாமல் அப்படியே திரும்பி வந்தது. பசித்திருக்காது என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அதைக் கொட்டவும் மனமில்லாமல் மூடி வைத்திருக்கிறாள்.

புத்தகத்தில் 'ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்' என்று மட்டும்தான் இருக்கிறது. 'உயிரோடு' என்று சேர்த்து எழுதச் சொல், அண்ணே.

உன் தங்கை,
மாரிசெல்வி